டொக்டரிடம் கேளுங்கள்: மண்ணீரலில் ஒரு நீர்க்கட்டி

சென்ற இதழில் வயிற்று ஸ்கான் பற்றி எழுதியபோது, நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவால் மனிதரின் ஈரலிலும், அபூர்வமாக மண்ணீரலிலும் ஹைடாடிட் என்ற நீர்க்கட்டி வரலாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதம் அதிகம். சிலர் ஸ்கான் படத்தையே மடித்து உறைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதனால் சீனி வருத்தம், முழங்கால் நோ எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டொக்டர், என் அம்மாவுக்கு 58 வயது. சவுதியில் ஒரு வீட்டில் 9 வருடம் வேலை செய்துவிட்டு 2014இல் திரும்பி வந்தவர். மூன்று மாதமாக இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கான் செய்ததில் மண்ணீரலில் 7.4 சென்ரிமீற்றர் நீர்க்கட்டி, ஹைடாடிட் ஆக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டொக்டர் சி.ரி. எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எம்.ஆர்.ஐ. நல்லது என்கிறார், பக்கத்து வீட்டு மாமி ஊசியால் தண்ணீரை இழுத்துவிட்டால் சரி என்கிறார். எனக்கு இரவில் நித்திரை இல்லை. எதைச் செய்வது? (வாசகி, நெல்லியடி)

பதில்: முதலில் மாமியின் யோசனையைத் தள்ளி வையுங்கள், பிள்ளை. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஹைடாடிட் என்று சந்தேகம் உள்ள கட்டியில், அதுவும் மண்ணீரலில், ஊசி குத்துவது விளையாட்டு இல்லை. உள்ளே தெளிந்த தண்ணீர் போலத் தெரிவது அந்தப் புழு சுரந்த நீர். அது வயிற்றுக்குள் கசிந்தால் உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆள் சாய்ந்துவிடும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். போதாததற்கு, அந்த நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத புழுத்தலைகள் விழுந்த இடமெல்லாம் புதுக் கட்டியாக முளைக்கும். ஈரலில் உள்ள சில வகைக் கட்டிகளுக்கு, முன்கூட்டியே குளிசை கொடுத்து, ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆட்களையும் மருந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கானில் பார்த்தபடியே நீரை இழுத்து மருந்து விட்டு மறுபடி இழுக்கும் முறை ஒன்று உண்டு. மண்ணீரல் இரத்தம் ஊறிய, இலேசில் கிழியும் உறுப்பு. அங்கே அது வழக்கமான வழி இல்லை.

இனி அம்மாவின் கட்டிக்கு வருவோம். எக்கினோகொக்கஸ் என்ற அந்தப் புழு நாயின் குடலில் இருக்கும்போது ஏழு மில்லிமீற்றரைத் தாண்டாது, ஓர் அரிசியளவுதான். அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வரும். புல்லோடு ஆடு மாடு அதை விழுங்கும், அவற்றின் உள்ளுறுப்பில் கட்டி வளரும், அறுத்த ஆட்டின் ஈரலையோ நுரையீரலையோ நாய் தின்றால் நாயின் குடலில் மறுபடி புழு. இந்த வட்டத்துக்குள் மனிதருக்கு இடமே இல்லை, கழுவாத கையிலும் கழுவாத கீரையிலும் ஒட்டிய முட்டையை விழுங்கித் தற்செயலாக மாட்டிக்கொள்கிறோம். விழுங்கிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு குடல் சுவரைத் துளைத்து இரத்தத்தில் இறங்கும். குடலின் இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல், அதனால் மூன்றில் இரண்டு பங்குக் கட்டிகள் ஈரலில்தான். ஈரலைத் தாண்டியவை நுரையீரலில் தங்கும், அது ஐந்தில் ஒன்று அளவு. இரண்டையும் தப்பி மண்ணீரலுக்கு வருபவை மிகக் குறைவு, நூறு நோயாளிகளில் ஒருவரோ இருவரோ, மிஞ்சிப் போனால் எட்டுப் பேர். இந்த நோய் சவுதி, ஜோர்தான், ஈராக், துருக்கி பக்கங்களில் ஆடு வளர்க்கும் இடங்களில் நன்றாக வேரூன்றியது, இலங்கையில் மனிதருக்கு வருவது அபூர்வம். அம்மா 9 வருடம் அங்கே இருந்தவர் என்ற விவரம் ஸ்கான் செய்தவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியாவிட்டால் அடுத்த முறை நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வரி படத்தைப் படிக்கும் விதத்தையே மாற்றிவிடும். 2014இல் வந்தவருக்கு இப்போது ஏன் என்று கேட்பீர்கள். இந்தக் கட்டி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் மெல்ல மெல்ல வளரும், இரைப்பையை அழுத்தத் தொடங்கும்போதுதான் "சாப்பிட முடியவில்லை" என்று ஆள் வருவார்.

உங்கள் கடிதத்தில் 7.4 என்ற எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கட்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம், அதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மண்ணீரலில் நீர்க்கட்டி பல காரணத்தால் வரும். அது புழுவால் வந்ததா, வந்ததென்றால் புழு உயிரோடு இருக்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா, செத்துச் சுண்ணாம்பாகிவிட்டதா என்பதைப் பெரும்பாலும் படமே சொல்லும். 1981இல் துனீசியாவின் ஹார்பி என்பவர் ஈரல் கட்டிகளை அல்ட்ராசவுண்ட் படத்தில் தெரியும் தோற்றத்தை வைத்து வகைப்படுத்தினார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைத் திருத்தி, உயிர்ப்போடு இருப்பது, மாறிக்கொண்டிருப்பது, ஓய்ந்துபோனது என்று புழுவின் நிலையோடு இணைத்து 2003இல் வெளியிட்டது. ஈரலுக்கு என்று வந்த அந்த வகைப்பாட்டைத்தான் மண்ணீரலுக்கும் பயன்படுத்துகிறோம்.

இளம் கட்டி வெறும் கறுப்பு வட்டமாகத் தெரியும், ஸ்கானில் தண்ணீர் கறுப்பு. ஆனால் வடிவாகப் பார்த்தால் அதன் சுவர் இரண்டு வெள்ளைக் கோடாகவும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடாகவும் இருக்கும். சாதாரண நீர்க்கட்டிக்கு அந்த இரட்டைக் கரை இல்லை. அடியில் பொடி மணல் போல ஒன்று படிந்திருக்கும். நான் ஸ்கான் அறையில் புதிதாக நின்ற காலத்தில், ஒருவரின் கட்டியை அளந்து, "8 சென்ரிமீற்றர், சாதாரண நீர்க்கட்டி" என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற மூத்த நிபுணர் ஒன்றும் சொல்லவில்லை, நோயாளியை மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார். கட்டிக்குள் அடியில் கிடந்த மணல் அப்படியே கிளம்பி, திருவிழாவில் பூத் தூவியது போல மினுங்கி மினுங்கி இறங்கியது. அவ்வளவுதான், கட்டியின் பெயர் மாறிவிட்டது. அன்றிலிருந்து, நீர்க்கட்டி என்று வரும் ஒருவரையாவது நான் புரட்டிப் படுக்க வைக்காமல் விட்டதில்லை. உங்கள் அம்மாவை அப்படிச் செய்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த நிலையில் தாய்க் கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் அடுக்கடுக்காக நிறைந்திருக்கும், மாதுளம்பழத்தை இரண்டாகப் பிளந்து பார்த்தது போல, அல்லது தேன்கூடு போல. இதைக் கண்டால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது, மண்ணீரலில் வேறு எந்த நீர்க்கட்டியும் இப்படிக் குட்டி போடாது. அதன் பிறகு, மருந்தாலோ தானாகவோ உள்ளே அழுத்தம் குறைந்தால், புழுவின் உள்தோல் சுவரை விட்டுக் கழன்று நீரில் நெளிந்து மிதக்கும். குளத்தில் அல்லி இலை மிதப்பது போல என்று இதற்கு மருத்துவத்திலேயே பெயர். இன்னும் முதிர்ந்தால் நீர் வற்றி, சுருங்கிய தோல்கள் நூல்பந்து போலச் சுருண்டு, கட்டி கெட்டியாகத் தெரியும், அனுபவம் இல்லாதவர் அதைப் புற்றுநோய்க் கட்டி என்று நினைத்துக் குடும்பத்தையே கலங்கடித்துவிடலாம். கடைசியில் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு மாதிரி ஆகிவிடும்.

சி.ரி.யா எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டுக்கும் முன்னால், அனுபவமுள்ள கதிரியக்க நிபுணர் ஒருவர் இந்த விவரங்களைத் தேடி அல்ட்ராசவுண்ட் ஸ்கானை இன்னொரு முறை ஆறுதலாகச் செய்வது நல்லது. மண்ணீரல் இடது பக்கம் விலா எலும்புகளுக்குள், நுரையீரலின் அடி ஓரத்துக்கும் இரைப்பைக்கும் நடுவே ஒளிந்து கிடக்கிறது. அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்துக் கெதியாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். வலது பக்கம் சரிந்து படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சைப் பிடித்து விட்டு, விலா இடுக்கு இடுக்காகப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு போனால் காற்று குறைவாக இருக்கும். அந்த ஸ்கானிலேயே ஈரலை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள், நெஞ்சு எக்ஸ்றே ஒன்றும் எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மண்ணீரலில் ஒன்று இருந்தால் வேறு இடத்திலும் இருக்கலாம்.

அதன் பிறகும் உள்ளே இருப்பது தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். அதில் நீர் பளிச்சென்று வெள்ளையாகவும், சுவர் கறுப்பு வளையமாகவும், கழன்ற தோல்கள் அந்த வெள்ளைக்குள் கறுப்புக் கோடுகளாகவும் தெரியும். அல்ட்ராசவுண்டில் பார்க்கும் அடையாளங்கள் சி.ரி.யை விட எம்.ஆர்.ஐ.யில்தான் நன்றாக வரும், மெல்லிய தோல்களை சி.ரி. தவறவிடும். ஆனால் சி.ரி.க்கு அதன் பலம் உண்டு. சுண்ணாம்பு படிந்ததை அது விடவே விடாது. கட்டி சதையியையோ சிறுநீரகத்தையோ பெருங்குடலையோ ஒட்டியிருக்கிறதா, இரத்தக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பதெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணருக்கு சி.ரி.யில் ஒரே பார்வையில் கிடைக்கும். சி.ரி.யில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு, தண்ணீருக்கு 0, கட்டியின் நீர் அதற்குப் பக்கத்தில் இருக்கும். குட்டிக் கட்டிகளின் நீர் தாய்க் கட்டியின் நீரை விட எண்ணில் குறைந்து இன்னும் கறுப்பாகத் தெரிவது ஒரு நல்ல தடயம். ஆக, இரண்டு டொக்டர்மாரும் பிழையாகச் சொல்லவில்லை. என்ன கட்டி என்ற சந்தேகம் தீர வேண்டுமானால் எம்.ஆர்.ஐ., சத்திரசிகிச்சைக்குத் திட்டம் போட வேண்டுமானால் சி.ரி. மருந்தேற்றி சி.ரி. எடுப்பதானால் முன்னதாக சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை வேண்டும், அம்மா சீனிக்கு மெட்போமின் குடிப்பவரானால் அதையும் சொல்ல வேண்டும்.

நித்திரை இல்லை என்று எழுதியது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒரு வாரம் இரண்டு வாரம் பொறுத்து ஒழுங்காகப் படம் எடுப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, இந்தக் கட்டி ஓரிரவில் வளர்வதில்லை. திடீரென்று கடுமையான வயிற்று வலி, உடம்பு தடித்தல், மயக்கம், காய்ச்சல், அல்லது விலாவில் பலமான அடி என்றால் மட்டும் நேரத்தைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மற்றபடி, உங்கள் டொக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு யாழ். போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள். போகும்போது ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் படத்தையும் சீடியையும் கொண்டு போங்கள். தாளில் இருப்பது ஒருவர் பார்த்த கட்டி, சீடியில் இருப்பது கட்டியே.

கேள்வி: எனக்கு ஹைடாடிட் இரத்தப் பரிசோதனை செய்து நெகட்டிவ் வந்திருக்கிறது. அப்படியானால் மண்ணீரல் கட்டி புழுவால் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? (வாசகர், மானிப்பாய்)

பதில்: நிம்மதியாக இருங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அந்தத் தாளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எலைசா போன்ற பரிசோதனைகள் தேடுவது புழுவை இல்லை, புழுவுக்கு எதிராக உங்கள் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. கட்டியின் சுவர் கிழியாமல் இறுக்கமாக இருந்தால் உள்ளே இருப்பது இரத்தத்துக்குத் தெரியாமலே போகும், உடம்பு எதிர்ப்பே காட்டாது. ஈரல் கட்டியில் இந்தப் பரிசோதனை நன்றாக உதவும், மண்ணீரல், நுரையீரல் கட்டிகளிலும் சுண்ணாம்பு படிந்த பழைய கட்டிகளிலும் நெகட்டிவ் வருவது சாதாரணம். எதிர்ப்பக்கமும் உண்டு, வேறு நாடாப்புழு இருந்தவருக்குப் பொசிட்டிவ் வரலாம். 1912இல் கசோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்த, கைத்தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையை வயதானவர்கள் யாராவது உங்களுக்குச் சொன்னால், அது கைவிடப்பட்டுவிட்டது என்று சொல்லுங்கள். படத்தில் இரட்டைக் கரையோ குட்டிக் கட்டியோ கழன்ற தோலோ தெரிந்தால் நான் படத்தைத்தான் நம்புவேன். படத்தில் ஒன்றும் தெரியாமல், இரத்தமும் நெகட்டிவ், ஆடு நாயோடும் வெளிநாட்டோடும் சம்பந்தமும் இல்லை என்றால், சாதாரண நீர்க்கட்டி என்று எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் இன்னொரு ஸ்கான் பார்ப்பேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வேறு எதற்கோ ஸ்கான் செய்தபோது மண்ணீரலில் 5 சென்ரிமீற்றர் நீர்க்கட்டி என்றார்கள். அவன் எங்கும் வெளிநாடு போனதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மோட்டார் சைக்கிளில் விழுந்து இடது பக்கம் அடிபட்டு ஒரு வாரம் வலியோடு கிடந்தான். இந்த நாய்ப் பூச்சி அவனுக்கு எப்படி வந்திருக்கும்? (ஒரு தாய், சுழிபுரம்)

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. அந்த மோட்டார் சைக்கிள் விழுந்ததை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நானும் குழம்பியிருப்பேன். மண்ணீரலுக்குள் அடிபட்டு இரத்தம் கட்டினால், மாதங்கள் போக அந்த இரத்தம் கரைந்து நீராகி, சுற்றிவர ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். பார்வைக்கு நீர்க்கட்டி, ஆனால் உள்ளே சொந்தமான உள்தோல் கிடையாது, அதனால் போலி நீர்க்கட்டி என்போம். புழுவால் வராத மண்ணீரல் கட்டிகளில் பெரும்பான்மை இதுதான். எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளில் விழாத இளைஞரைக் காண்பது அரிது. போர்க்காலத்தில் அடியும் உதையும் வாங்கிய உடம்புகளும் ஏராளம், இருபது முப்பது வருடத்துக்கு முந்திய அடி இன்று ஒரு ஸ்கானில் வெளியே வரும். ஆள் அதை மறந்தே போயிருப்பார், கேட்டால்தான் சொல்வார், சில சமயம் கேட்டாலும் சொல்ல விரும்பமாட்டார். அதை நான் வற்புறுத்துவதில்லை, "அந்தப் பக்கம் எப்போதாவது அடிபட்டதா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவு போதும்" என்று மட்டும் கேட்பேன்.

படத்தில் எப்படிப் பிரிப்பது? போலிக் கட்டியில் இரட்டைக் கரை இராது, குட்டிக் கட்டி இராது. பழைய இரத்தத்தின் கசடு கலங்கலாகத் தெரியலாம். ஒரு சிக்கல், இதன் சுவரிலும் சுண்ணாம்பு படியும், அதனால் ஓரத்தில் சுண்ணாம்பு கண்டதும் ஹைடாடிட் என்று எழுதிவிடுவது பிழை, அப்படி எழுதிய ரிப்போர்ட்டுகளை நான் கண்டிருக்கிறேன். பிறவியிலேயே வரும் நீர்க்கட்டியும் உண்டு, அதுவும் இளம் வயதில்தான் தெரியவரும். அந்த வகையில் புற்றுநோய்க் குறியீடு என்று பார்க்கும் சீ.ஏ. 19-9 என்ற இரத்த அளவு உயர்ந்து குடும்பத்தைப் பயமுறுத்துவது உண்டு, கட்டியை எடுத்தால் அது இறங்கிவிடும். உங்கள் மகனின் படத்தை ஒரு கதிரியக்க நிபுணர் பார்த்துச் சொல்லட்டும். விபத்து நடந்த நேரம் எடுத்த ஸ்கான் ஏதாவது வீட்டு அலுமாரியில் இருந்தால் தேடி எடுங்கள், அதில் மண்ணீரல் சுத்தமாக இருந்து, இன்று கட்டி இருந்தால் அந்தப் பழைய படம் புதிய சி.ரி. ஒன்றை விடப் பெறுமதி. அதுவரை உதைபந்தாட்டமும் கபடியும் வேண்டாம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் யாரும் கேட்கவில்லை என்றாலும். காய்ச்சலோடு மண்ணீரலில் பல சிறு கட்டிகள் தெரிந்தால், அதுவும் சீனி வருத்தம் உள்ளவர், வயலில் சேற்றில் நிற்பவர் என்றால், என் மனம் முதலில் போவது புழுவிடம் இல்லை, மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமியிடம். இலங்கையில் இருக்கும் கிருமிதான் அது. அது ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டிகளைத் தேன்கூடு போல உண்டாக்கும், படத்தை மட்டும் பார்த்தால் ஹைடாடிட்டின் தேன்கூட்டோடு குழப்பலாம். காய்ச்சல்தான் பிரித்துக் காட்டும். இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்தல், வாரக்கணக்கில் ஊசி மருந்து. இதில் பிந்துவது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: எனக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் பட்ட ஷெல் துண்டுகள் இரண்டு முதுகிலும் தொடையிலும் இன்னும் இருக்கின்றன. சொன்னால் எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று சொல்லவில்லை. (வாசகர், சாவகச்சேரி)

பதில்: கட்டாயம் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ முதுகுத்தண்டுக்குப் பக்கத்திலோ பெரிய இரத்தக் குழாயை ஒட்டியோ இருந்தால் அந்தச் சிறு அசைவே போதும். முதலில் எக்ஸ்றே எடுத்து எங்கே எத்தனை இருக்கிறது என்று பார்ப்பார்கள். தசைக்குள் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தழும்போடு இறுகிக் கிடக்கும் சிறு துண்டு என்றால் நிபுணர் யோசித்து அனுமதிக்கவும் கூடும், அது அவர் முடிவு. முதுகில் உள்ளது தண்டுக்கு எவ்வளவு கிட்ட என்று பார்க்காமல் யாரும் உங்களை உள்ளே விடக் கூடாது. வேண்டாம் என்றாலும் கவலையில்லை. சி.ரி.க்கு உலோகம் ஆபத்து இல்லை, படத்தில் அந்த இடத்தில் கோடு கோடாகப் பளிச்சிடும், அவ்வளவுதான். அல்ட்ராசவுண்டுக்கு ஒரு தடையும் கிடையாது. உங்களைப் போல உடம்புக்குள் இரும்பைச் சுமப்பவர்கள் வடக்கில் எத்தனை பேர், படிவத்தில் "உலோகம் உண்டா" என்ற கேள்விக்குப் பழக்கத்தில் "இல்லை" என்று கீறிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. மண்ணீரலில் சுண்ணாம்பு படிந்த பழைய ஹைடாடிட் கட்டி, 4 சென்ரிமீற்றர். வலி இல்லை. டொக்டர் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார். கவனிக்காமல் விடுகிறாரோ? (வாசகர், கரவெட்டி)

பதில்: இல்லை, அவர் சரியாகத்தான் செய்கிறார். சுவர் முழுக்கச் சுண்ணாம்பாகி, உள்ளேயும் கெட்டியாகிவிட்டால் புழு பெரும்பாலும் செத்துவிட்டது. அதற்கு மருந்தும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், குறித்த இடைவெளியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் போதும், அதில் கதிர்வீச்சும் இல்லை. அளவு கூடினாலோ, உள்ளே மறுபடி நீர் தெரிந்தாலோ அப்போது பார்க்கலாம்.

கேள்வி: கடையில் வாங்கும் பூச்சிக் குளிசை போட்டால் இந்தக் கட்டி கரையாதா? கட்டாயம் மண்ணீரலை எடுக்கத்தான் வேண்டுமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: குளிசையின் பெயர் ஒன்றுதான், அல்பெண்டசோல். ஆனால் சாதாரண வயிற்றுப் பூச்சிக்கு 400 மில்லிகிராம் ஒரே ஒரு முறை, இதற்கு அதே 400 தினமும் இரண்டு வேளை, மாதக்கணக்கில். கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் ஏறும். இடையிடையே ஈரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தானாக வாங்கி விழுங்கும் மருந்து இல்லை இது. சிறிய இளம் கட்டி சிலருக்குக் குளிசையாலேயே அடங்கலாம், பெரிய மண்ணீரல் கட்டிக்கு பொதுவாகச் சத்திரசிகிச்சைதான், குளிசை அதற்கு முன்னும் பின்னும் துணையாக வரும். கட்டி ஓரமாக இருந்தால் மண்ணீரலில் ஒரு பகுதியைக் காப்பாற்றப் பார்ப்பார்கள், முக்கியமாக இளம் வயதினருக்கு. முழுதாக எடுப்பதாக இருந்தால் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் நிமோனியாக் கிருமி, மூளைக்காய்ச்சல் கிருமி, ஹிப் என்ற இன்னொரு கிருமி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் போட வேண்டும். போட்டார்களா என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் வெட்கம் என்ன? மண்ணீரல் இல்லாதவருக்கு வரும் காய்ச்சலைப் பனடோலோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது, அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும், வாழ்நாள் முழுக்க.

கேள்வி: இதை வாசித்த நாளிலிருந்து என் மனைவி வீட்டு நாயை விட்டுவிடச் சொல்கிறாள். ஆட்டு ஈரல் வறுவலும் இரத்த வறையும் வேண்டாம் என்கிறாள். வல்லாரைச் சம்பலையும் நிறுத்திவிட்டாள். இவ்வளவும் தேவையா? (வாசகர், கொக்குவில்)

பதில்: நாயை விடாதீர்கள், அது பாவம், தெருவுக்குப் போன நாய்தான் கண்டதையும் தின்னும், வீட்டில் இருக்கும் நாயை விட அதுதான் ஊருக்கு ஆபத்து. ஆட்டு ஈரல் சாப்பிடுவதால் இந்த நோய் மனிதருக்கு வராது. ஆட்டின் கட்டி நாயின் வயிற்றுக்குள் போய்த்தான் புழுவாக முடியும். அதனால் ஈரல் வறுவலையும் இரத்த வறையையும் அவர் தாராளமாகச் சமைக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். தீபாவளிக்கும் விசேடங்களுக்கும் வளவில் ஆடு அடித்துப் பங்கு போடும்போது, நீர்க்கட்டி உள்ள ஈரலையோ நுரையீரலையோ "இது நாய்க்கு" என்று தூக்கி எறிகிறோமே, அந்த ஒரு வீச்சில்தான் வட்டம் பூர்த்தியாகிறது. அதை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், அல்லது எரியுங்கள். நாய்க்கு இறைச்சி கொடுப்பதானால் வேக வைத்துக் கொடுங்கள். மிருக வைத்தியரிடம் நாடாப்புழுவுக்கென்று பிராசிகுவாண்டல் கேளுங்கள், குட்டிக்குக் கொடுக்கும் சாதாரண பூச்சி மருந்து இந்தப் புழுவுக்குப் போதாது.

வல்லாரை பச்சையாகச் சாப்பிடுவது என்பதால் அதில் மட்டும் மனைவியின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டால், மஞ்சள் போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம், அந்த முட்டைக்குத் தடித்த ஓடு, மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையாக, தண்டின் மடிப்பையும் விரித்து, இரண்டு மூன்று முறை கழுவி அகற்றுவதுதான் வழி. கீரைப் பாத்திக்கு நாய் போகாமல் ஒரு வேலி, நாயைத் தடவிய பிள்ளைகள் சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது, இவ்வளவும் செய்துவிட்டு மனைவியிடம் சம்பல் அரைக்கச் சொல்லுங்கள்.